மூணு பக்கம் எழுதினீங்க, புத்தகத்தோட பேர விட்டுட்டீங்க

இந்த வாரக் கடிதம் ஏற்காட்டுல இருந்து. எழுதினவங்களுக்கு 41 வயசு, ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்கறாங்க. வீட்டுக்காரருக்கு சேலத்துல வேலை, வாரத்துக்கு ரெண்டு நாள்தான் மலைக்கு வருவாரு, பையனும் கீழ ஹாஸ்டல்ல. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியிருக்கேன்.) ராத்திரி தனியா இருக்கற நேரத்துல ஆறு வருஷமா கதை எழுதியிருக்காங்க. போன வருஷம் அதுல 14 கதைய எடுத்து, காசு வாங்கிட்டு புத்தகம் போட்டுத் தர்ற ஒரு பதிப்பகத்துல கொடுத்து, சீட்டு எடுத்த பணத்துல 48,000 ரூபா கட்டி 300 காப்பி அடிச்சிருக்காங்க.

வித்தது 19. சும்மா கொடுத்தது 62. மிச்சம் 219 காப்பி அஞ்சு அட்டைப்பெட்டியில கட்டிலுக்கு அடியில இருக்கு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டதுக்கு மூணு கட்டைவிரல், ஒரு கும்புடு, அவ்ளோதான். நாத்தனார் மட்டும் "இன்சூரன்ஸ் ஏஜென்ட் போயி புக்கு ஏஜென்ட் வந்தாச்சு"ன்னு ஒரு சிரிப்பு பொம்மையோட எழுதினாங்களாம், அன்னையில இருந்து இவங்க குரூப்புல வாயே திறக்கல. இப்ப பதிப்பகத்துல இருந்து போன் வந்திருக்கு, இன்னும் 25,000 கட்டினா "ப்ரமோஷன் பேக்கேஜ்" உண்டு, பத்து விமர்சனம், ஒரு விருது, ஒரு பேட்டின்னு. அவங்க கேக்கறது மூணு. என் புத்தகத்த நானே போயி சொல்றது தற்பெருமை இல்லையா? அந்த 25,000 கட்டலாமா? இல்ல எழுதினதோட திருப்திப்பட்டுட்டு பெட்டியெல்லாம் பரண்ல ஏத்திடவா?

இனி உங்ககிட்டயே பேசறேன்.

உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். மூணு பக்கம், நல்ல கையெழுத்து, அடிச்சு திருத்தினது ஒண்ணுகூட இல்ல, அதனால இத மொதல்ல வேற தாள்ல எழுதிப் பாத்துட்டுத்தான் அனுப்பியிருக்கீங்கன்னு தெரியுது. எவ்ளோ செலவு, எத்தன காப்பி, நாத்தனார் என்ன சொன்னாங்க, எத்தன பெட்டி, எல்லாம் இருக்கு. புத்தகத்தோட பேரு மட்டும் இல்ல. எங்கயும் இல்ல. கதையெல்லாம் எதப் பத்தின்னும் இல்ல. மூணாவது பக்கம் கடைசியில, எஸ்டேட்டுல பழம் எடை போடற மேஸ்திரி கதைய படிச்சுட்டு ஒருத்தங்க போன் பண்ணி அழுதாங்கன்னு ஒரே ஒரு வரி, அதையும் சொல்லிட்டு உடனே வேற விஷயத்துக்கு தாவிட்டீங்க.

நான் யாரு என்னன்னு உங்களுக்குத் தெரியாது, உங்கள எனக்குத் தெரியாது, உங்க புத்தகத்தப் பத்திக் கேக்கறதுக்குன்னே எழுதின கடிதம் இது, இதுலயே பேர சொல்ல வரலன்னா, அது ஜனங்களுக்கு தொல்லை கொடுக்கக்கூடாதுங்கற தயக்கம் மட்டும்னு எனக்குத் தோணல. அதுக்கு அப்பறமா வர்றேன். மொதல்ல உங்க முதல் கேள்வி.

தற்பெருமைன்னா என்ன

"நம்ம பண்பாட்டுல தன்னப் பத்தி தானே பேசறது அசிங்கம்"னு எழுதியிருக்கீங்க. பாதி சரி. நன்னூல் தெரியும்ல, ஸ்கூல்ல இலக்கணம்னு சொல்லி நம்மள பாடாப்படுத்தின அதே நன்னூல். 13-ம் நூற்றாண்டு வாக்குல பவணந்தி முனிவர் எழுதினது. அதுல நீங்க சொல்ற விதி அப்படியே இருக்கு, எவ்ளோ பெரிய வேலைய செஞ்சு முடிச்சிருந்தாலும் தன்ன தானே புகழ்றது தகுதி இல்லன்னு. ஆனா நாம எல்லாரும் அங்கயே புத்தகத்த மூடி வச்சிட்டோம். அடுத்த சூத்திரத்துலயே அவரு விதிவிலக்கு சொல்றாரு, "தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே"ன்னு. எப்பெப்பன்னா நாலு இடம்: ராஜா சபைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை என்னன்னு தெரியாதவங்க நடுவுல இருக்கும்போது, சபையில வாதம் பண்ணி ஜெயிக்க வேண்டிய நேரத்துல, எதிராளி தன்ன மட்டம் தட்டும்போது.

ரெண்டாவத பாருங்க. தன் திறமை தெரியாதவங்க நடுவுல. ஏற்காடு ஒண்டிக்கடையில இருந்து சேலம் அஞ்சு ரோடு வரைக்கும் உங்களுக்கு எழுதத் தெரியும்னு எத்தன பேருக்குத் தெரியும்? நாத்தனார் விஷயம் நாலாவதுலயே வந்துடுது, அத நான் சொல்லத் தேவையில்ல.

அதே நன்னூல்ல இன்னொண்ணும் இருக்கு, அதுதான் உங்களுக்கு ரொம்ப உதவும். ஒரு நூலுக்கு முன்னுரை, அதாவது பாயிரம், யாரெல்லாம் சொல்லலாம்னா, எழுதினவரோட ஆசிரியர், கூடப் படிச்சவர், மாணவர், உரை எழுதினவர். அப்ப, அடுத்தவங்க வாயால சொல்ல வைக்கறதுங்கறது இன்னைக்கு வந்த விளம்பர டெக்னிக் இல்ல, அந்தக் காலத்து ஒழுங்கு. உங்க மேஸ்திரி கதைக்கு அழுதாங்களே ஒருத்தங்க, அவங்ககிட்ட "நீங்க அன்னைக்கு போன்ல சொன்னத ரெண்டு வரி எழுதித் தர முடியுமா, உங்க பேரோட போட்டுக்கலாமா"ன்னு கேட்டீங்களா? கேக்கலன்னு பந்தயம் கட்டுவேன்.

இன்னொரு சமாதானமும் சொல்லியிருக்கீங்க, நல்ல எழுத்தா இருந்தா தானா போய்ச் சேரும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. 1959-ல 'எழுத்து' பத்திரிகைய ஆரம்பிச்ச சி.சு. செல்லப்பா, தமிழ்ல புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் இடம் போட்டுக் கொடுத்தவரு, அவரே தான் போட்ட புத்தகத்தையெல்லாம் மூட்டையா கட்டி சுமந்துட்டு ஊர் ஊரா காலேஜ் காலேஜா ஏறி இறங்கி வித்திருக்காரு. வயசான காலத்துல எழுதின 'சுதந்திர தாகம்' நாவலையும் சொந்தமாத்தான் போட்டாரு, 2001-ல அதுக்கு சாகித்ய அகாடமி விருது கிடைச்சப்ப அவரு உயிரோட இல்ல. நீங்களும் மூட்டை தூக்கணும்னு நான் சொல்ல வரல. அவ்ளோ பெரிய ஆளோட எழுத்தே தானா நடந்து போகலங்கறேன்.

கேக்கறது வேற, சொல்றது வேற

குரூப்புல போட்ட மெசேஜ நல்ல வேளையா அப்படியே எழுதி அனுப்பியிருக்கீங்க:

"அனைவருக்கும் வணக்கம். என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்துள்ளது. 14 கதைகள், 160 பக்கங்கள், விலை ரூ.180. உங்கள் மேலான ஆதரவை எதிர்நோக்குகிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

கோவிச்சுக்காதீங்க, இதுல கதை எங்க? பக்கம் இருக்கு, விலை இருக்கு, ஆதரவு இருக்கு, மன்னிப்பு வேற இருக்கு. இத படிக்கறவங்களுக்கு ரெண்டே வழிதான், ஒண்ணு 180 ரூபா கொடுத்து உங்கள ஆதரிக்கணும், இல்லன்னா பாக்காத மாதிரி இருக்கணும். ஆதரவுன்னு கேட்டாலே அது கைமாத்து கேக்கற மாதிரி ஆயிடுது, கைமாத்து கேட்டா சொந்தக்காரங்க என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். நீங்க கூச்சப்பட்டது நியாயம்தான், ஆனா உங்க கூச்சம் புத்தகத்தப் பத்தி சொன்னதுக்காக வரல, புத்தகத்தப் பத்தி எதுவுமே சொல்லாம காசு கேட்டதுக்காக வந்துச்சு.

சீசன்ல கடைவீதி பக்கம் மாம்பழம் வாங்கப் போவீங்கல்ல. கடைக்காரரு என்ன பண்றாரு, இமாம் பசந்து ஒண்ண எடுத்து கத்தியால ஒரு கீத்து போட்டு, அந்தக் கத்தி நுனியிலயே வச்சு நீட்டுவாரு, "சாப்டுட்டு சொல்லுங்க"ம்பாரு. வாயில போட்டுட்டு நாம வேணாம்னு நடந்தாலும் அவரு பாட்டுக்கு அடுத்த ஆளுக்கு கீத்து போடுவாரு, முகம் சுண்டாது. "எங்க குடும்பமே மூணு தலைமுறையா மாம்பழம் விக்குது, உங்க மேலான ஆதரவு வேணும்"னு அவரு சொல்லி நான் கேட்டதே இல்ல.

உங்க கதைய நான் படிக்கல, நீங்க எழுதின அந்த ஒத்த வரியையும், எஸ்டேட்டுல பழம் எடை போடற கணக்கப் பத்தி அங்கங்க நீங்க சொன்னதையும் வச்சு, இப்படி ஒரு மெசேஜ் எழுதிப் பாத்தேன். தப்பா இருந்தா மாத்திக்கோங்க:

"சாயங்காலம் காப்பிப் பழம் எடை போடும்போது ஒவ்வொரு மூட்டையிலயும் அரைக்கிலோ குறைச்சு எழுதற ஒரு மேஸ்திரி. ஒருநாள் அவரு சொந்தப் பொண்ணே கூலிக்கு பழம் பறிச்சுட்டு வந்து அந்த வரிசையில நிக்கறா. இது நான் எழுதின கதை. முதல் ரெண்டு பக்கத்த போட்டோ எடுத்து கீழ போட்டிருக்கேன். மீதி படிக்கணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க."

விலைய கேட்டா சொல்லலாம். மன்னிப்பு எதுக்கும் கேக்க வேணாம். இத படிக்கறவங்களுக்கு மூணாவதா ஒரு வழி கிடைக்குது பாத்தீங்களா, அந்தப் பொண்ணு மூட்டைய அப்பா எப்படி எழுதினாருன்னு தெரிஞ்சுக்கணும்னு அவங்களுக்கே தோணறது. வாங்கலன்னாகூட ரெண்டு பக்கம் படிச்சிருப்பாங்க, எழுதறவங்களுக்கு அதுவும் வரவுதான்.

எத்தன தடவ சொல்லலாம்னு கேப்பீங்க. என் கணக்கு இது: ஒரு ஆளுக்கு தனியா ஒரு தடவ சொல்லலாம், ஒரு மாசம் கழிச்சு வேற கதையோட ரெண்டு பக்கத்தோட இன்னொரு தடவ சொல்லலாம், அதுக்கும் பதில் இல்லன்னா அவங்ககிட்ட புத்தகப் பேச்ச விட்டுட்டு பழைய மாதிரி பழகுங்க. ஸ்டேட்டஸ்ல போடறது வேற, அது திண்ணையில வச்ச மாதிரி, பாக்கறவங்க பாப்பாங்க, வாரம் ஒண்ணு போட்டாலும் யாருக்கும் தொல்லை இல்ல. "படிச்சீங்களா?"ன்னு மட்டும் யாரையும் கேக்காதீங்க. படிக்காதவங்கள பொய் சொல்ல வைக்கற கேள்வி அது.

மொய் நோட்டு

62 காப்பி சும்மா கொடுத்ததா எழுதியிருக்கீங்க, அதுக்குக் கீழயே "அதுல 9 பேர்தான் ஏதாவது சொன்னாங்க"ன்னும் இருக்கு. யாரு சொல்லலன்னு பேரு பேரா உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இல்லைங்களா? கல்யாணத்துல யாரு எவ்ளோ செஞ்சாங்கன்னு எழுதி வைப்போமே, அந்த மாதிரி மனசுக்குள்ள ஒரு மொய் நோட்டு போட்டு வச்சிருக்கீங்க. சும்மா கொடுத்ததுன்னு பேருதான், உள்ளுக்குள்ள வட்டி ஓடிட்டே இருக்கு. கொடுக்கறதுல தப்பே இல்ல, ஆனா திரும்பி வராதுன்னு நெனச்சுக் கொடுக்க முடிஞ்சா மட்டும் கொடுங்க, முடியலன்னா 180 ரூபா வாங்குங்க. காசு கொடுத்து வாங்கினவங்க படிக்கறதுக்கு கொஞ்சம் கூடுதலா வாய்ப்பு இருக்குன்னு நான் சொல்றது ஆராய்ச்சி எல்லாம் இல்ல, என் அலமாரிய பாத்து சொல்றேன், ஓசியில வந்த புத்தகம்தான் அதுல பிரிக்காம நிக்குது.

இன்னொண்ணு. சொந்தக்காரங்கதான் முதல் வாசகர்னு ஏன் முடிவு பண்ணீங்க? உங்க நாத்தனார் இதுக்கு முன்னாடி வேற யாரோட சிறுகதையாவது காசு கொடுத்து வாங்கி பாத்திருக்கீங்களா? கதையே படிக்காதவங்க உங்க கதைய படிக்கலங்கறது உங்கள பத்தின தீர்ப்பு ஆகாது. மூட்டுவலி தைலத்த பத்தாங்கிளாஸ் பையன்கிட்ட வித்துப் பாத்துட்டு தைலம் சரியில்லன்னு சொல்ற மாதிரி இருக்கு.

படிக்கறவங்க இருக்கற இடம் வேற. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் புத்தகத் திருவிழா போட்டா அங்க பை தூக்கிட்டு திரியறாங்களே அவங்க. மாவட்ட மைய நூலகத்துல மத்தியானம் உக்காந்திருக்கறவங்க. காலேஜ் தமிழ்த்துறையில சிறுகதை நடத்தற வாத்தியாருங்க, அவங்களுக்கு "ஏற்காட்டுல எஸ்டேட் வாழ்க்கைய உள்ள இருந்து எழுதின கதை"ன்னு ஒரு வரி போதும், நம்ம ஜில்லா கதைன்னா கண்டிப்பா ஒரு தடவ புரட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை நாலு பேரு கூடி புத்தகம் பேசற வட்டம் சேலத்துல எங்கயாவது ஒண்ணு ஓடிட்டுதான் இருக்கும், மொத ரெண்டு மாசம் உங்க புத்தகத்த எடுத்துட்டே போகாதீங்க, அடுத்தவங்க புத்தகத்தப் பத்தி பேசுங்க, அப்பறம் அவங்களே கேப்பாங்க. இது தந்திரம் இல்ல. படிக்கறவங்க கூட பழக்கம் இல்லாம எழுதறது உங்களுக்கே தனிமையாத்தான் இருந்திருக்கும், கடிதத்துல ராத்திரிங்கற வார்த்தை எத்தன தடவ வருதுன்னு எண்ணிப் பாத்தேன், சொல்ல மாட்டேன்.

அந்த 25,000

கட்டாதீங்க. இதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்லன்னாலும் காரணம் சொல்லிடறேன். காசு கட்டி வர்ற விருது யாருக்கும் எதையும் சொல்லாது, வீட்டு ஷோகேஸ்ல நிக்கும், அவ்ளோதான். பத்து விமர்சனமும் ஒரே மாதிரி இருக்கும், "மண் மணம் கமழும் கதைகள்"னு, படிக்காமயே எழுதலாம். அதவிட பெரிய ரிஸ்க், அந்தப் பணமும் போயி எதுவும் நடக்கலன்னா "நம்ம எழுத்துதான் சரியில்ல போல"ன்னு நீங்க முடிவு பண்ணிடுவீங்க.

உங்க உரிமை பத்தி ஒரு தப்பான எண்ணம் இருக்கு. ஐஎஸ்பிஎன் நம்பர் அவங்க வாங்கினதால காப்பிரைட் அவங்களோடதுன்னு போன்ல சொன்னாங்களாம், நீங்களும் நம்பிட்டீங்க. எனக்கு சட்டம் படிப்பு இல்ல, அதனால வக்கீலா இருக்கற ஒரு சிநேகிதிகிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டு எழுதறேன். ஐஎஸ்பிஎன்ங்கறது ஒரு புத்தகத்துக்குக் கொடுக்கற வெறும் அடையாள நம்பர், ரேஷன் கார்டு நம்பர் மாதிரின்னு வச்சுக்கோங்க. நம்ம நாட்டுல அத கொடுக்கறது ராஜா ராம்மோகன் ராய் பேருல இருக்கற தேசிய ஏஜென்சி, கட்டணமே கிடையாது, எழுதறவங்க நேராவே விண்ணப்பிக்கலாம். காப்பிரைட் அப்படி இல்ல, நீங்க எழுதின நிமிஷத்துலயே அது உங்களோடது, எங்கயும் பதியணும்னுகூட கட்டாயம் இல்ல. 1957 காப்பிரைட் சட்டப்படி, நீங்க கையெழுத்துப் போட்ட எழுத்து இல்லாம அந்த உரிமை இன்னொருத்தருக்கு மாறாது. எழுதிக் கொடுத்திருந்தாலும் எத்தன வருஷம்னு அதுல போடலன்னா அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்கும்.

அதனால மொத வேலை, நீங்க கையெழுத்து போட்ட அந்த ஒப்பந்தத்த தேடி எடுங்க. "முழு உரிமை", "நிரந்தரமாக", "அனைத்து வடிவங்களிலும்" இந்த மாதிரி வார்த்தை இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க. அப்படியே பதிப்பகத்துக்கு போன் பண்ணி ரெண்டு கேள்வி கேளுங்க: சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் அனுப்ப வேண்டிய காப்பிய அனுப்பிட்டீங்களா, அரசு நூலகங்களுக்கு புத்தகம் வாங்கற ஆர்டருக்கு விண்ணப்பம் போட்டீங்களா. அவங்க பதில் சொல்ற விதத்துலயே 25,000 யாருக்காகன்னு தெரிஞ்சிடும்.

மேஸ்திரி

இப்ப அந்தப் பேரு சொல்லாத விஷயம்.

கடிதத்துல மேஸ்திரி கதைக்கு அடுத்த வரி என்ன தெரியுமா? "ஆபீஸ்ல யாருக்கும் நான் எழுதறது தெரியாது." அதுக்கு அடுத்து, "கதை எல்லாம் கற்பனைன்னு முன்னாடி போட்டிருக்கேன்." இந்த மூணு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எனக்கு ஒண்ணு தோணுது, நான் தப்பாவும் இருக்கலாம். அந்த மேஸ்திரி நெசமாவே இருக்காரு. இன்னும் வேலையில இருக்காரு. அந்தப் பழக் கணக்கு நோட்டு சாயங்காலம் உங்க மேஜைக்குத்தான் வருது.

அப்படின்னா, நீங்க பயப்படறது யாரும் படிக்க மாட்டாங்களேன்னு இல்ல. படிச்சுடுவாங்களோன்னு. உங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல கதை அதுதான், அதனாலதான் ஒருத்தங்க அழுதாங்க, அதையே நீங்க வாய் திறந்து சொல்ல முடியல, அதனால பக்கத்தையும் விலையையும் சொல்லி ஒரு மெசேஜ் போட்டீங்க, அது எடுபடல, எடுபடாததுல உள்ளுக்குள்ள ஒரு சின்ன நிம்மதியும் இருந்திருக்கும். இது எழுதறவங்களுக்கு மட்டும் வர்றது இல்ல. நான் 2006-ல அஸ்தம்பட்டியில ஒரு மாடி ரூம் எடுத்து ஆலோசனை ஆரம்பிச்சப்ப, மருந்துக்கடை மாதிரி போர்டு எதுக்கு, தேவைப்படறவங்க தேடி வரட்டும்னு நாலு மாசம் போர்டே மாட்டல. பணிவுன்னு சொல்லிக்கிட்டேன். உண்மையில யாராவது வந்து, என்னால ஒண்ணும் பண்ண முடியலன்னா என்ன பண்றதுன்னு பயம். அந்த நாலு மாசத்துல ஒரு அம்மா படியேறி வந்து எந்தக் கதவுன்னு தெரியாம திரும்பிப் போயிருக்காங்க. அடுத்த வருஷம் வந்தப்ப அவங்களே சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலமே ஆசாரிய கூப்பிட்டு போர்டு பெரிசு பண்ணினேன்.

உங்க பயத்துல நியாயமும் இருக்கு, அத ஊதித் தள்ள மாட்டேன். "கற்பனை"ன்னு ஒரு வரி போட்டா சட்டத்துல தப்பிச்சிடலாம்னு நெனைக்காதீங்க, ஊருல படிக்கறவங்களுக்கு இது இன்னார்தான்னு அடையாளம் தெரிஞ்சு, அவரு மானம் போற மாதிரி இருந்தா அவதூறுன்னு வழக்கு போட வழி இருக்கு, இப்ப பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 356-வது பிரிவு. அதனால உங்களுக்கு நீங்களே சில கேள்வி கேட்டுக்கோங்க. அவரு பேரு, ஊரு, ஜாதி, நடை, வண்டி, பொண்ணு படிச்ச ஸ்கூலு, இதுல எத்தன நெசம்? அந்த எஸ்டேட்டையே தெரியாத ஒருத்தரு படிச்சா அது ஒரு மனுசனோட கதையா தெரியுமா, இல்ல புகார் மாதிரி தெரியுமா? ரெண்டாவது அச்சு போடும்போது எத மாத்தினா கதை கெடாம ஆளு மறைவாரு? இத ஒரு வக்கீலும், நல்லா கதை படிக்கற ஒருத்தரும் சேர்ந்து பாத்தா நல்லது. வேலையில சேரும்போது கொடுத்த ஆர்டர்ல, ஆபீஸ் விஷயத்த வெளிய சொல்றதப் பத்தி ஏதாவது இருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க.

பாத்துட்டு, இல்ல, இந்தக் கதைய இப்ப வெளிய தூக்கிட்டு போக வேணாம்னு முடிவு பண்ணீங்கன்னா அதுவும் சரிதான். அப்ப நான் மேல எழுதிக் கொடுத்த மெசேஜயும் அனுப்பாதீங்க, மிச்சம் 13 கதை இருக்கு, அதுல இருந்து ரெண்டு பக்கம் எடுங்க. ஆனா "எனக்கு விளம்பரம் பிடிக்காது"ங்கற பேருல அந்த முடிவ எடுக்காதீங்க. மேஸ்திரிக்காக எடுத்தேன்னு தெரிஞ்சே எடுங்க, அப்பதான் மத்த கதையாவது கட்டிலுக்கு அடியில இருந்து வெளிய வரும்.

கட்டில்னதும் ஞாபகம் வருது. அட்டை ஓரம் சுருளுது, பக்கத்துல கருப்பு புள்ளி விழுதுன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தமா இருந்துச்சு. மழைக்காலத்துல மேகம் சன்னல் வழியா உள்ளயே வர்ற ஊரு அது, சிமெண்ட் தரையில அட்டைப்பெட்டிய வச்சா ஈரம் குடிக்காம என்ன பண்ணும். பரண்ல ஏத்தற யோசனைய விடுங்க, அங்க இன்னும் மோசம். வெயில் அடிக்கற ஒரு நாளு எல்லாத்தையும் வெளிய எடுத்து நிழல்ல பிரிச்சு காயப் போடுங்க, புள்ளி விழுந்தத தனியா எடுத்து வச்சுடுங்க, நல்லா இருக்கறத வீட்டுக்காரரு அடுத்த தடவ மலையிறங்கும்போது 20 வளைவும் மடியில வச்சாவது சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. நம்ம ஊரு வெக்கைக்கு மாம்பழம் பழுக்குதோ இல்லையோ, புத்தகம் காயும்.

போறதுக்கு முன்னாடி அதுல ஒரு காப்பிய எடுத்து என் விலாசத்துக்கு தபால்ல போடுங்க. 180 ரூபாயும் தபால் செலவும் அனுப்பறேன், தபால் செலவு எவ்ளோன்னு தனியா எழுதுங்க, "உங்களுக்கு எதுக்குங்க காசு"ன்னு எழுதினா திருப்பி அனுப்பிடுவேன். கூட ஒரு சின்ன சீட்டும் வைங்க. அதுல புத்தகத்தோட பேரு, எந்தக் கதைய நான் மொதல்ல படிக்கணும், ரெண்டு மட்டும் இருந்தா போதும்.